கேன்சல் அங்கிளும் ஆடாத இறக்கையும்

பிரிக்பீல்ட்ஸில், ஏன், இந்த மலேசியா முழுவதிலும், கேன்சல் அங்கிளைப் போல அத்தனை முறை விமான டிக்கெட் எடுத்தவரும் கிடையாது, அத்தனை முறை தரையிலேயே நின்றுபோனவரும் கிடையாது. யாரோ சொல்லிக் கேட்டு இதை எழுதவில்லை. டிக்கெட் போட்டவளும் நான், ரத்து செய்தவளும் நான்.

அப்போது ஒரு சின்ன ட்ராவல்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பூமாலைக் கடை, மறுபக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மல்லிகை வாசமும் மீன் குழம்பு வாசமும் எங்கள் ஏர்கானுக்குள் வந்து ஒன்றாகக் கலந்து, மதியத்துக்குமேல் என்ன வாசம் என்றே சொல்ல முடியாத ஒன்றாகிவிடும். கடையில் பாஸும் நானும் மட்டும்தான். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்களால் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவும் தேய்த்த வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

"பெர்த்துக்கு ஒரு டிக்கெட்மா."

"ஒன் வேயா, ரிட்டர்னா அங்கிள்?"

"ரயில்ல."

நான் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தேன். "ஆஸ்திரேலியா பெர்த் தானே அங்கிள்?"

"ஆமா."

"நடுவுல கடல் இருக்கே."

"அது எனக்குத் தெரியாதா? சிங்கப்பூர் பக்கம் வரைக்கும் ரயில்ல போயிடலாம். அதுக்கப்புறம் என்னா இருக்குன்னுதான் உன்கிட்ட கேக்க வந்தேன்."

"அதுக்கப்புறம் கடல்தான் அங்கிள்."

அவர், ஏதோ நான்தான் அந்தக் கடலைக் கொண்டுபோய் அங்கே வைத்தவள் போல என்னைப் பார்த்துவிட்டு, "சரி, பிளேன்லயே போடு" என்றார்.

விஷயம் இதுதான். அங்கிள் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். தாத்தா காலத்திலிருந்தே ரயில்வே குடும்பம், ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் சர்ச். ஒரே மகள் கிரேஸ், பெர்த்தில் நர்ஸ். அவளுக்கு அங்கேயே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய் இல்லாத பிள்ளை. சர்ச் வாசலிலிருந்து ஆல்டர் வரை அப்பாதான் அவள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் அப்பாவோ பிறந்ததிலிருந்து பிளேன் ஏறியதில்லை. ஏறப் பயம். பயம் என்று சொன்னால் அடிக்க வருவார் என்பதால் அந்த வார்த்தையை யாரும் வாயிலிருந்து விடுவதில்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். "கேன்சல் பண்ணிடும்மா."

"ஏன் அங்கிள்?"

"யோசிச்சுப் பாத்தேன். அவ்ளோ இரும்பு. கீழ ஒண்ணுமே இல்ல."

அந்த வாரமே திரும்பி வந்து வேறொரு தேதிக்கு எடுத்தார். அதையும் ரத்து செய்தார். மகள் போனில் அழுதாள் என்று மீண்டும் எடுத்தார். டிவியில் எதையோ பார்த்துவிட்டு மீண்டும் ரத்து செய்தார். பாஸ் அவருக்குக் கேன்சல் அங்கிள் என்று பெயர் வைத்தது அப்போதுதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தக் கறுப்பு ஷூ தெரிந்தாலே பாஸ் உள்ளறைக்குப் போய்விடுவார். மாட்டிக்கொள்வது நான்.

ஒருநாள் நேராகவே கேட்டார். "நீ டிக்கெட் விக்கிறவ. சொல்லு, அது எப்படி மேல நிக்குது?"

எனக்கென்ன தெரியும்? ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வேகமா போறதால அங்கிள்" என்றேன்.

"என் ரயிலும்தான் வேகமா போச்சு. ஒரு நாள் கூட தண்டவாளத்த விட்டு எந்திரிக்கலையே."

அதே மூச்சில் அடுத்ததையும் கேட்டார்.

"சரி, நீ ஏறியிருக்கியா?"

"இல்ல அங்கிள்."

உண்மைதான். இனிப்புக் கடையில் வேலை பார்க்கும் சர்க்கரை நோயாளியின் நிலைமை என்னுடையது. ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றி அனுப்பினேன். நான் அதிகபட்சம் பஸ்ஸில் பினாங்கு போனவள்.

"அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப நீயும் ரோடு படிக்கலையா!"

ரோடு படிப்பது என்றால் என்னவென்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. ரயில் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாதாம். ஒரு பாதையில் வண்டியை எடுக்குமுன் அந்தப் பாதையை முதல் ஸ்டேஷனிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும். எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எங்கே சிக்னல், எல்லாம் மனதில் ஏறியபிறகுதான் வண்டியைத் தொட விடுவார்களாம். நடு ஸ்டேஷனில் தொடங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லையாம்.

"ரோடு தெரியாம நான் வண்டிய எடுத்ததே இல்ல. இதையும் முதல் ஸ்டேஷன்லேர்ந்து படிச்சிட்டு ஏறிக்கிறேன்."

முதல் ஸ்டேஷன் என்றால் விமான நிலையமாக்கும் என்று நினைத்தேன். அவர் சொன்னது விமானத்தின் சரித்திரத்தை. மனிதன் முதன்முதலில் பறக்கும் மெஷின் வரைந்த காலத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு, படிப்படியாக இந்தக் காலத்துக்கு வந்து, அதன்பிறகு பிளேன் ஏறி மகள் கல்யாணத்துக்குப் போவாராம். கல்யாணத்துக்கு இருந்ததோ சில மாதங்கள். எனக்குத் தலை சுற்றியது.

அடுத்த வாரம் ஒரு படத்தோடு வந்தார். இருநூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் ஒரு துரை வரைந்த பறக்கும் மெஷின். அதை யாரோ கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுக்க, இவர் பெரிதாக்கி லேமினேட் செய்துவிட்டார். மேலே பெரிய பட்டம் போல ஒரு இறக்கை. அதன் கீழே ஒரு படகு. பின்னால் கூட்டல் குறி மாதிரி ஒரு வால். பார்த்தால் பிளேனாகவும் தெரியவில்லை, படகாகவும் தெரியவில்லை. யாரோ குடையோடு மீன் பிடிக்கப் போவதாகத் தெரிந்தது.

"இதான் முதல் ஸ்டேஷன்" என்றார்.

"இதுக்கு முன்னாடி கையில ரெக்கை கட்டிக்கிட்டுக் குதிச்சாங்களே அங்கிள்?"

"அதெல்லாம் ஸ்டேஷன் இல்லம்மா, ஆக்ஸிடென்ட்."

துரைமீது அவருக்கு அப்படி ஒரு மரியாதை. மற்றவர்கள் எல்லாரும் பறவையைப் பார்த்து இறக்கையை அடி அடியென்று அடித்தார்களாம். துரை ஒருவர்தான், இறக்கை அடிக்கவே வேண்டாம், அது சும்மா விறைப்பாக நின்று தூக்கட்டும், முன்னால் தள்ளுகிற வேலையை வேறொன்று பார்க்கட்டும் என்று பிரித்தாராம். "கோச் வேற, இஞ்சின் வேற. அந்த ஆளு ரயில்வேக்கு வரவேண்டியவருமா. ரெக்கை ஆடக்கூடாது, அவ்ளோதான் ரகசியம்."

அந்தப் படத்தை எங்கள் கவுன்டருக்கு மேலேயே மாட்டினார். டிக்கெட் எடுக்க வருகிறவர்களுக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். திருச்சி போகவிருந்த ஒரு அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயோ, இதுலயா தம்பி எங்கள ஏத்தப் போறீங்க?" என்று பாஸைப் பார்த்துக் கேட்டது. பாஸ் இது இல்லை என்று தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியும் அக்கா நம்பவில்லை, எழுந்து போய்விட்டது. அன்று பாஸ் அந்தப் படத்தைக் கழற்றி அங்கிள் கையிலேயே திணித்தார்.

நடுவில் ஒரு வாரம் அங்கிள் படிப்பை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால் துரைமீது கோபம். துரை மெஷினைச் செய்து முடித்ததும் தான் ஏறாமல் தன் குதிரைவண்டிக்காரனை ஏற்றிவிட்டார் என்று ஒரு கதை இருக்கிறதாம். அவன் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறந்துபோய் விழுந்து, எழுந்து வந்து அங்கேயே வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்.

"டிரைவர கேக்காம ஏத்தலாமா? அவனுக்கு ரோடு தெரியுமா? நம்ம யூனியன் இருந்திருந்தா அந்த தொரைய உண்டு இல்லன்னு பண்ணியிருப்போம்!"

"அங்கிள், அவங்கெல்லாம் செத்துப்போய் எத்தன காலம் ஆச்சு. இங்க கிரேஸ் கல்யாணம் வருது."

"நீதி நீதிதான்மா."

செத்துப்போன வண்டிக்காரனுக்காக இவர் ஸ்ட்ரைக் செய்ய, உயிரோடிருக்கும் மகள் எனக்கு போன் போட்டு, "அக்கா, அப்பா இப்ப என்னா பண்றாரு?" என்று கேட்க, நான் என்னவென்று சொல்வேன்? "ஸ்ட்ரைக்மா" என்றேன். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

கோபம் தணிந்ததும் மெஷினை அவரே செய்யத் தொடங்கினார். மூங்கில் குச்சி, உடைந்த குடைக் கம்பி, ஜன்னல் திரைத் துணி, கீழே படகுக்கு மீன் வைக்கிற வெள்ளைப் பெட்டி. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். ஒரு சனிக்கிழமை கடைவாசலில் அதைத் தூக்கிக்கொண்டு நின்றார். போர்ட் கிள்ளானில் கடல் காற்று நன்றாக இருக்குமாம், நானும் வர வேண்டுமாம். "பின்னால வாலப் பிடிக்க ஆளு வேணும்" என்றார். பாஸ் உள்ளறையிலிருந்து, "போம்மா, தயவுசெஞ்சு போ" என்றார்.

ரயிலில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் பெட்டியில், டிரைவருக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று பிடிவாதம். மெஷினின் வால் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறது. படகிலிருந்து மீன் வாடை. ஒரு மலாய்ப் பெரியவர் ஆசையாக வந்து, "வாவ் கே?" என்று கேட்டார், இது பட்டமா என்று. அங்கிள் விறைப்பாக, "கப்பால் தெர்பாங்" என்றார், விமானம் என்று. பெரியவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனில் ஏறிய ஒரு பாட்டி மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "யாரு காவடி எடுக்கிறா தம்பி?" என்று கேட்டது.

"காவடி இல்லக்கா. நான் கிறிஸ்டியன்."

"அதுனால என்னா? நல்ல வேண்டுதல்தான். முருகன் பாத்துக்குவாரு."

அங்கிள் மறுத்துப் பேச வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "தேங்க்ஸ்கா" என்று சொல்லிவிட்டார்.

போர்ட் கிள்ளானில் கடலோரமாக ஒரு திறந்த இடம். பக்கத்தில் கம்பிவேலி, அதற்கப்பால் கன்டெய்னர் லோரிகள் போகிற ரோடு. அங்கிள் பையிலிருந்து தேங்காய்ப்பால் சோறு மணக்கும் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்துப் படகுக்குள் வைத்துக் கட்டினார்.

"இது எதுக்கு அங்கிள்?"

"டிரைவர்."

எனக்குப் பசி வேறு. டிரைவரின் வாசனை ஆளைக் கொன்றது.

"நீ வாலப் பிடிச்சிட்டு ஓடு. நான் விடுன்னு சொல்றப்ப விடு" என்றார். ஆபீஸ் செருப்போடு ஓடினேன். சாலையில் போன மோட்டார்சைக்கிள்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். "விடு!" என்றார். விட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அது பறந்தது. ஒரு குலுக்கு குலுக்கி, மூக்கைத் தூக்கி, நிமிர்ந்து, ஜன்னல் திரை படபடக்கக் கம்பிவேலியைத் தாண்டிப் போனது. நான் "ஐயோ அங்கிள் பறக்குது பறக்குது!" என்று கத்திக்கொண்டே குதித்தேன். போன மெஷின் நேராக ஒரு லோரியின் கன்டெய்னர் மேல் போய் உட்கார்ந்தது. லோரி நிற்கவில்லை. நாசி லெமாக்கோடு சேர்த்து அதை ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டது.

அங்கிள் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடிக் கிடந்தது.

"ஏன் பறந்துச்சு?" என்று கேட்டார்.

"காத்து அங்கிள்."

"காத்து நம்ம மேலயும்தான் அடிச்சுது. நீயும் நானும் பறக்கலையே. எனக்குப் புரியல வள்ளி. செஞ்ச எனக்கே புரியல."

திரும்பி வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கிரேஸ் வீடியோ காலில் வந்தாள்.

"பா, எந்த ஸ்டேஷன்ல இருக்கீங்க?"

"போர்ட் கிள்ளான்."

"அதக் கேக்கலப்பா. பிளேன் படிக்கிறீங்களே, அதுல."

"முதல் ஸ்டேஷன் முடிஞ்சுதும்மா."

"கல்யாணம் அடுத்த சனிக்கிழமைப்பா." பிறகு, "வர முடியலன்னா பரவால்லப்பா. நான் தனியாவே நடந்து போயிக்கிறேன். எனக்குக் கோவமெல்லாம் இல்ல" என்று சிரித்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

அழுதிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். அங்கிள் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தத் துரைமீதா, அங்கிள்மீதா, ஓடி அறுந்துபோன என் செருப்புமீதா என்று தெரியவில்லை.

"அங்கிள், ஒண்ணு கேக்கிறேன். ரோடு படிக்கணும்னா எப்படிப் படிப்பீங்க? வீட்டுல உக்காந்துட்டா?"

"அது எப்படி? ரோடு தெரிஞ்ச டிரைவர் கூட ஏறி, பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுப் போகணும்."

"அப்ப ஏறினாத்தானே படிக்க முடியும்?"

ரயில் வந்து, கதவு திறந்து, கதவு மூடி, அது புறப்பட்டும் போய்விட்டது. நாங்கள் பெஞ்சிலேயே இருந்தோம்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கடைசியில் என்மீதே பாய்ந்தார்.

"நீங்க கேக்கலையே!"

"சரி. ஆனா நீயும் ரோடு படிக்காதவ. நீயும் ஏறணும்."

அப்படித்தான் நான் வகையாக மாட்டிக்கொண்டேன். கிரேஸ் உடனே எனக்கும் சேர்த்து டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள். பாஸ் லீவு கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் கேன்சல்னு சொல்லிட்டு வந்தீங்க, நான் கடைய மூடிட்டுக் கம்பத்துக்கு, எங்க கிராமத்துக்கே போயிடுவேன்" என்றார்.

விமான நிலையத்தில் அவர் ஒவ்வொரு போர்டையும் சிக்னல் மாதிரி நின்று படித்துக்கொண்டே வந்தார். பிளேன் வாசலில் கேப்டன் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார், ஒரு சீனப் பெண்மணி. அங்கிள் அவர் எதிரில் போய் நின்றுகொண்டார். பின்னால் மொத்த வரிசையும் நின்றது.

"கேப்டன், யூ நோ திஸ் ரோடு?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நோ லா அங்கிள்" என்றிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். "யெஸ் அங்கிள். ஐ லேர்ன் ஃபர்ஸ்ட், தென் ஒன்லி ஐ ஃப்ளை. எவரி வீக் ஐ கோ" என்றார்.

அங்கிள் காலைச் சேர்த்து வைத்து ஒரு சல்யூட் அடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்படியே மலைப்பாக இருந்தது. இந்த ஒரு கேள்விக்காகவா இருநூறு வருஷம், ஒரு துரை, ஒரு ஸ்ட்ரைக், ஒரு நாசி லெமாக்? இதை முதல் நாளே யாராவது போன் போட்டுக் கேட்டுச் சொல்லியிருக்கலாமே!

பிளேன் ஓடத் தொடங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத வள்ளி. ரெக்கை ஆடாம நிக்கும். அதான் ரகசியம்" என்று தைரியம் சொன்னார். மேலே ஏறினோம். ஜன்னல் வழியே பார்த்தவர் என் கையை நசுக்கினார்.

"ஆடுது!"

"என்னா அங்கிள்?"

"ரெக்கை! ஆடுது வள்ளி!"

நானும் பார்த்தேன். நன்றாகவே மேலும் கீழும் ஆடியது. பெல்லை அழுத்தி அழுத்திப் பணிப்பெண்ணை வரவழைத்தார். அந்தப் பெண், "தட்ஸ் நார்மல் அங்கிள், கொஞ்சம் ஆடணும், ஆடலன்னாதான் ஒடஞ்சிடும்" என்று பாதித் தமிழில் சொல்லிவிட்டு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கிள் ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். துரை சொன்னது பொய்யா, இந்தப் பெண் சொல்வது பொய்யா, ஆடக்கூடாதது ஆடும்போது நாம் எப்படி மேலே இருக்கிறோம் என்று பெர்த் வரும்வரை என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் எனக்குத் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் குழப்பத்தில் இருவருக்குமே பயப்பட மறந்துபோனது.

சனிக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில், அம்மா உட்கார வேண்டிய இடத்தில் கிரேஸ் என்னை உட்கார வைத்தாள். பாட்டு தொடங்கியது. அங்கிள் மகளின் கையைத் தன் கைக்குள் சேர்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு மெதுவாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. பாட்டே ஒருமுறை முடிந்து இரண்டாம் முறை வாசிக்க வேண்டியதாயிற்று. ஆல்டரில் மாப்பிள்ளையிடம் மகளின் கையைக் கொடுத்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாதவர் போலக் கொஞ்சம் நின்றார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

என் கையைத் தேடிப் பிடித்து, மறுபடி நசுக்கினார்.

"பிளேன்ல கூட இப்படி இல்ல வள்ளி" என்றார் மெதுவாக.

"இப்ப தரையிலதானே இருக்கோம் அங்கிள்."

"தெரியும்மா. புள்ளைய விட்டுட்டு வந்துட்டேன்ல."

அந்த மனுஷர் இத்தனை மாதமாகப் பயந்தது பிளேனுக்கா, இதற்கா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆராதனை முடியும்வரை அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே கேட்டிருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.